கொம்பு யாருடையது?

உழைப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. பொறுமை, கட்டுப்பாடு, நுண்ணிய கவனம், உடல் வருத்தம் ஆகியவற்றை விரும்பி ஏற்று ஒருவர் செய்யும் செயலை உலகம் மதிப்போடு பார்க்கிறது. ஆனால் அங்கே ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு செயலுக்காக எவ்வளவு பாடுபட்டாலும், அந்தப் பாடு மட்டுமே அச்செயலை அறமாக்கிவிடுமா? 'இதற்காக நான் இவ்வளவு உழைத்தேன்' என்று சொல்வது 'ஆகவே இது எனக்கு உரியது' என்பதற்குப் போதிய சான்றாகுமா?

இக்கேள்வியை ஆராய்வதற்குத் தொலைதூர நாட்டு வழக்கம் ஒன்று பெரிதும் உதவுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இலையுதிர் காலந்தோறும் எல்க் மான் வேட்டை நடைபெறுகிறது. வேட்டைக்குச் செல்வோரில் பலர் இறைச்சிக்காகவே செல்கின்றனர். ஒரு சாரார் மட்டும் எந்த மானையும் வீழ்த்துவதில்லை. மிகப் பெரிய கொம்புகளை உடைய முதிர்ந்த ஆண்மான் ஒன்றையே நாடி, யாவர்க்கும் பொதுவான அரசு நிலத்தில், மலையும் பள்ளத்தாக்குமாக நடந்து தேடுகின்றனர். அக்கொம்பே அவர்களுடைய வெற்றிச் சின்னம். உயிர்க்கொலையை விலக்கி வாழ்வோர்க்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள் இயங்கும் ஆசையும் அடக்கமும் எந்த மனிதருக்கும் அந்நியமானவை அல்ல.

மீண்டு வந்த மான்

எல்க், மானினங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. வட அமெரிக்கப் பழங்குடியினரான ஷானி மக்களின் மொழியில் இதற்கு 'வாபிட்டி' என்று பெயர். வெண்மையான பின்புறம் உடையது என்பது பொருள். முதிர்ந்த ஆண்மான் 300 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. கிளை விரித்து நிற்கும் அதன் கொம்புகள் இரண்டும் சேர்ந்து 18 கிலோ வரை இருக்கக்கூடும். மாட்டுக் கொம்பைப் போல் இவை வாழ்நாள் முழுவதும் நிலைப்பவை அல்ல. குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும் தறுவாயில் இவை தாமே உதிர்ந்துவிடுகின்றன. உடனே புதியவை முளைத்து, கோடை முழுவதும் வளர்ந்து, ஆகஸ்டு மாத அளவில் முழு வடிவம் பெறுகின்றன.

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் அக்கண்டத்தில் ஏறத்தாழ ஒரு கோடி எல்க் மான்கள் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அவை இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொன்று குவிக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்திற்கும் குறைவானவையே எஞ்சின. கிழக்குப் பகுதியில் வாழ்ந்த வகை அடியோடு மறைந்தது. அந்நாட்களில் இரண்டே இரண்டு பற்களுக்காக முழு மானையும் கொன்று, உடலை அப்படியே விட்டுச் சென்ற கொடுமையும் நிகழ்ந்தது. எல்க் மானின் மேல்வாயில் தந்தம் போன்ற இரு பற்கள் உண்டு. அவற்றைக் கடிகாரச் சங்கிலியில் கோத்து அணிவது நகரத்துச் சங்கம் ஒன்றின் உறுப்பினர்களிடையே நாகரிகமாக இருந்தது.

இதே பற்களைக் குரோ பழங்குடிப் பெண்கள் தங்கள் ஆடைகளில் வரிசையாகத் தைத்து அணிந்தனர். ஒரு மானுக்கு இரண்டு பற்களே என்பதால், அத்தகைய ஆடை ஒன்று நிறைவு பெறப் பல ஆண்டுகள் ஆகும். குடும்பத்தை ஊட்டி வளர்த்த உழைப்பின் நினைவாக அது மதிக்கப்பட்டது. பல் ஒன்றே, அதைப் பெற்ற வழியும் அணிந்த மனமும் வேறு. இவ்வேறுபாடு பின்னர் வரும் சிந்தனைக்கு அடிப்படையாகும்.

அழிவின் விளிம்பைக் கண்ட பின்பே அமெரிக்க மக்கள் விழித்துக்கொண்டனர். 1900-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட லேசி சட்டம், சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதைத் தடுத்தது. 1912-ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அருகே எல்க் மான்களுக்கென்றே ஒரு புகலிடம் அமைந்தது. 1913-ஆம் ஆண்டு யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து மான்கள் ரயிலில் ஏற்றப்பட்டு, அவ்வினமே அற்றுப்போயிருந்த அரிசோனாவில் விடப்பட்டன. இன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் எல்க் மான்கள் உள்ளன. கொலராடோ மாநிலத்தில் மட்டும் இரண்டரை லட்சத்திற்கும் மேல் உள்ளன.

அவை வாழும் நிலத்தில் பெரும்பகுதி பொதுநிலம். அமெரிக்க மத்திய அரசின் பொறுப்பில் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்கிற்கும் அதிகம். விலங்கு குறித்த சட்ட மரபும் கவனிக்கத்தக்கது. காட்டு விலங்கு எந்தத் தனி மனிதருக்கும் உடைமையன்று. தனியார் தோட்டத்தில் அது மேய்ந்தாலும் தோட்டக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. மாநில அரசு மக்களின் சார்பில் அதைப் பேணிக் காக்கிறது. நிலமும் பொது, மானும் பொது. இந்நிலையில், பொதுவான ஒன்றைத் தேடிச் சென்று, 'என்னுடையது' என்று வீட்டுச் சுவரில் மாட்டுவதன் பொருள் என்ன?

ஆண்டுக் கணக்கில் ஒரு திட்டம்

பெரிய கொம்புடைய மானைத் தேடுபவரின் திட்டமிடலைக் கூர்ந்து கவனித்தால் வியப்பே மிஞ்சும். முதலில் அனுமதிச் சீட்டு வேண்டும். சிறந்த பகுதிகளுக்குரிய சீட்டுகள் மிகக் குறைவு. குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன. சீட்டுக் கிடைக்காத ஆண்டுக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். கொலராடோவின் வடமேற்கே உள்ள சில பகுதிகளுக்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் புள்ளி சேர்த்துக் காத்திருப்போர் உண்டு. இளமையில் விண்ணப்பித்தவர் தலை நரைத்த பின் காட்டில் கால் வைக்கிறார்.

அடுத்தது நிலத்தைக் கற்பது. ஒரே வேட்டைப் பகுதியில் தாழ்ந்த சேஜ் புதர்வெளி இருக்கும். அதற்கு மேல் ஆஸ்பன் மரச்சோலை. அதற்கும் மேல் ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் அடர்ந்த இருண்ட காடு. உச்சியில் மரங்களே வளராத புல்வெளி. கோடையில் மான் உச்சியில் மேயும். பனி விழத் தொடங்கியதும் கீழே இறங்கும். தெற்கு நோக்கிய சரிவில் வெயில் பட்டுப் புல் செழிக்கும்; வடக்கு நோக்கிய சரிவில் நிழலும் குளிர்ச்சியும் நிலைக்கும். ஆகவே காலையிலும் மாலையிலும் திறந்தவெளியில் மேயும் மான், பகல் வேளையில் வடசரிவின் அடர்ந்த காட்டில் படுத்திருக்கும். சம உயரக் கோடுகள் வரைந்த வரைபடத்தை மாதக்கணக்கில் படித்து, எங்கே தண்ணீர், எங்கே மேய்ச்சல், எங்கே படுக்கை என்று வேட்டைக்காரர் ஊகிக்கிறார்.

காற்றையும் அவர் கற்க வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறியதும் அதே காற்று மேல்நோக்கி எழும். மானின் மோப்ப ஆற்றல் மிகக் கூர்மையானது. காற்றின் திசையை அறியாமல் ஓரடி தவறாக வைத்தாலும் ஆறு மாத உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வாகனமோ மிதிவண்டியோ செல்லக் கூடாது. நடந்தோ குதிரை மீதோதான் செல்ல வேண்டும். வெளிமாநிலத்தவர் அத்தகைய பகுதியில் எல்க் வேட்டையாடுவதானால் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ வேண்டும் என்று வயோமிங் மாநிலம் விதித்திருக்கிறது.

மான் வீழ்ந்த பின்பே உண்மையான பாரம் தொடங்குகிறது. எலும்பு நீக்கிய இறைச்சி மட்டுமே நூறு கிலோ அளவுக்கு இருக்கும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுச் செல்வது மேற்கு மாநிலங்களில் தண்டனைக்குரிய குற்றம். அதைப் பகுதி பகுதியாக முதுகில் சுமந்து, பல முறை ஏறி இறங்க வேண்டும். எத்தனை கல் தொலைவுக்குள் மானைத் தேடலாம் என்பதை முன்கூட்டியே வரையறுப்பது இந்தச் சுமையே. சுமக்க இயலாத தொலைவில் அம்பு எய்வது அறிவுடைமை ஆகாது என்று அனுபவம் மிக்கவர்கள் கருதுகின்றனர்.

பாடு மட்டுமே அறமாகுமா?

இவ்வளவையும் பார்க்கும்போது, இது ஒருவகைத் தவம் போலவே தோன்றுகிறது. விடியலுக்கு முன் எழுதல், குளிரைத் தாங்குதல், மௌனம், தனிமை, ஒருமுகப்பட்ட கவனம், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு என அனைத்தும் இருக்கின்றன. இவற்றால் வேட்டைக்காரரின் குணம் செம்மைப்படுவதும் உண்மை. காட்டைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்க்கும் பலரைவிட அவர் காட்டை நன்கு அறிந்தவர். அது அழியக் கூடாது என்று விரும்புபவர்.

ஆனால் ஒழுங்கும் உறுதியும் கருவிகளே. கூரிய கத்தி மருத்துவரின் கையிலும் இருக்கும்; கொள்ளையனின் கையிலும் இருக்கும். புராணங்களில் அசுரர்கள் தவத்தில் யாருக்கும் குறைந்தவர்களாகக் காட்டப்படவில்லை. அவர்கள் கேட்ட வரத்தில்தான் குறை இருந்தது. ஆகவே ஒரு முயற்சியின் அறத்தன்மையை அதன் கடுமையை வைத்து முடிவு செய்ய இயலாது. அந்தக் கடுமை எதன் பணிக்கு அமர்த்தப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

உழைப்பால் உரிமை பிறக்கிறது என்ற எண்ணம் மனிதரிடையே பழமையானது. நிலத்தை உழுதவர் விளைச்சலுக்கு உரியவர் என்பது நியாயமே. ஆனால் மானின் உயிர் வேட்டைக்காரர் விதைத்த பயிரன்று. அவர் இருபது ஆண்டு காத்திருந்தது மானுக்குத் தெரியாது. அவர் சேர்த்த புள்ளிகள் அரசு அலுவலகத்தில் அவருக்கு முன்னுரிமை தரும். மானிடம் எந்த உரிமையையும் பெற்றுத் தருவதில்லை. இதை உணர்ந்த வேட்டைக்காரர் பணிவோடு இருப்பார். உணராதவர், தாம் பட்ட பாட்டையே நியாயமாக நிறுத்துவார்.

நேர்மையான வேட்டை

அமெரிக்க வேட்டை மரபின் நல்லோர் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். 1887-ஆம் ஆண்டு தியோடர் ரூஸ்வெல்ட் நண்பர்களோடு சேர்ந்து பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற அமைப்பை நிறுவினார். விலங்குக்குத் தப்பிச் செல்ல உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். முறையற்ற சாதகம் எதையும் வேட்டைக்காரர் கைக்கொள்ளலாகாது என்ற கொள்கையை அவ்வமைப்பு வளர்த்தது.

1902-ஆம் ஆண்டு ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராக இருந்தபோது மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். அவருக்குக் கரடி அகப்படவில்லை. உடன் வந்தவர்கள் நாய்களை ஏவி ஒரு கரடியைக் களைப்படையச் செய்து, மரத்தில் கட்டிவைத்து, அவரைச் சுடுமாறு அழைத்தனர். கட்டுண்ட விலங்கைச் சுட அவர் மறுத்துவிட்டார். அந்நிகழ்ச்சி கேலிச் சித்திரமாகப் பத்திரிகையில் வெளிவந்தது. அதன் விளைவாகவே குழந்தைகளின் 'டெடி' கரடிப் பொம்மை தோன்றியது. கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. அந்தக் கரடி ஏற்கெனவே படுகாயமுற்றிருந்தது. அதன் வேதனையை முடித்துவைக்குமாறு அவர் பணிக்க, வேறொருவர் கையால் அது இறந்தது. தலைவரின் மானம் காக்கப்பட்டது. கரடியின் உயிர் காக்கப்படவில்லை.

இந்த மறுபாதி நுட்பமான ஓர் உண்மையைக் காட்டுகிறது. 'நேர்மையான வேட்டை' என்பதில் நேர்மை யாருக்குச் செய்யப்படுகிறது? விளையாட்டில் இரு தரப்பும் விதிகளை ஒப்புக்கொண்டு களம் இறங்குகின்றன. மான் எந்த விதியையும் ஒப்புக்கொள்ளவில்லை. தான் ஒரு போட்டியில் இருப்பதையே அது அறியாது. ஆகவே இந்நேர்மையை மானுக்குச் செய்யும் நீதி என்று சொல்வது பொருந்தாது. அது வேட்டைக்காரர் தம் வலிமைக்குத் தாமே இட்டுக்கொள்ளும் வேலி.

அவ்வாறாயினும் அந்த வேலி அற்பமானதன்று. மனிதனின் வலிமைக்கு இன்று எல்லையே இல்லை. கைப்பேசியில் வரைபடம், விண்ணில் ஆளில்லா விமானம், நீர்நிலை தோறும் தானியங்கிப் புகைப்படக் கருவி என்று வந்துவிட்டன. வேட்டைக்கு உதவியாகத் தானியங்கிப் புகைப்படக் கருவிகளைப் பயன்படுத்துவதை 2022-ஆம் ஆண்டு முதல் அரிசோனா தடை செய்தது. ஆளில்லா விமானத்தை வேட்டைக்குப் பயன்படுத்துவதைப் பல மாநிலங்கள் விலக்கியுள்ளன. இயன்றது எல்லாம் செய்யத்தக்கது ஆகாது என்று ஒரு சமுதாயம் சட்டம் இயற்றி ஒப்புக்கொள்வது பாராட்டுக்குரியது.

ஆனால் சட்டம் எட்டாத இடமே காட்டில் அதிகம். இயற்கைச் சிந்தனையாளரும் வேட்டைக்காரருமான ஆல்டோ லியோபோல்டின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1949-ஆம் ஆண்டு வெளிவந்தது. வேட்டைக்காரரின் செயலைக் கைதட்டிப் பாராட்டவோ கண்டிக்கவோ அங்கே பார்வையாளர் இல்லை. அவருடைய மனச்சாட்சியே அவருக்கு நடுவர் என்ற கருத்தை அந்நூலில் அவர் விளக்குகிறார். எட்டாத தொலைவில் நிற்கும் மானைக் குறிபார்த்து, காயம் மட்டும் படலாம் என்று தெரிந்து வில்லைத் தாழ்த்துபவரை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தாழ்த்துதலுக்குப் பதிவேடு கிடையாது, பரிசும் கிடையாது. யாரும் காணாத அந்த நொடியில்தான் ஒருவர் உண்மையில் யார் என்பது தெரிகிறது.

பாண்டுவின் அம்பு

எல்க் மான்கள் இணைசேரும் பருவம் செப்டம்பர் மாதம். அப்போது ஆண்மான் தன் இருப்பை அறிவித்து, குழல் ஊதுவது போன்ற உரத்த ஓசையை எழுப்பும். அது பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். வில்வேட்டைக்குரிய காலம் பெரும்பாலும் இதனோடு இணைந்தே வருகிறது. வேட்டைக்காரர் சிறு கருவியை வாயில் வைத்து, பெண்மானின் குரலையோ போட்டிக்கு வரும் மற்றோர் ஆண்மானின் குரலையோ எழுப்புகிறார். வேறு எந்தக் காலத்திலும் வெளியே வராத எச்சரிக்கை மிக்க முதிய மான், ஆசையாலும் சினத்தாலும் மதிமயங்கி அந்தக் குரலை நோக்கி வருகிறது.

மகாபாரதம் அறிந்தோர்க்கு இங்கே பாண்டு மன்னனின் நினைவு எழாமல் இராது. காட்டில் இணைந்திருந்த இரு மான்கள் மீது அவன் அம்பு எய்தான். மான் வடிவில் இருந்த கிந்தமன் என்ற முனிவர் வீழ்ந்து, மன்னனைச் சபித்தார். அங்கே முனிவரின் குற்றச்சாட்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. வேட்டையாடுதல் மன்னர்களின் வழக்கம் என்பதை அவர் மறுக்கவில்லை. உயிர்கள் இணைந்து இன்புறும் வேளையைக்கூடப் பொறுத்திருக்காமல் கொன்றதையே அவர் பழிக்கிறார். கொல்லும் உரிமை உண்டு என்று வாதிட்ட மன்னனுக்கு, உரிமைக்கும் கருணைக்கும் இடையே உள்ள தொலைவை அந்தச் சாபம் உணர்த்தியது.

இராமாயணத்தில் தசரதனின் பிழை வேறு வகையானது. இருளில், சரயு நதிக்கரையில், குடத்தில் நீர் நிரம்பும் ஓசையை யானை நீர் அருந்தும் ஓசை என்று எண்ணி, கண்ணால் காணாமலே அம்பு எய்தான். மாண்டவன், கண்ணிழந்த பெற்றோரைப் பேணிய இளைஞன். ஓசையைக் கொண்டே இலக்கை வீழ்த்தும் திறன் அரிய வித்தை. அவனுடைய பெருமைக்குரிய வித்தை. திறமையின் மீது கொண்ட பெருமிதமே கேட்டுக்குக் காரணமாயிற்று. சூரிய உதயத்திற்கு அரை மணி முன்பிருந்து அத்தமனத்திற்கு அரை மணி பின்பு வரை மட்டுமே சுடலாம் என்ற விதி மேற்கு மாநிலங்கள் பலவற்றில் இருக்கிறது. தசரதனின் கதையை அறியாத நாட்டிலும் அக்கதையின் படிப்பினை விதியாகியிருக்கிறது.

அளக்கப்படுவது எது?

கொம்பின் பெருமை எண்ணால் குறிக்கப்படுகிறது. பூன் அண்ட் கிராக்கெட் கிளப் 1950-ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, நடுத்தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், சுற்றளவு, இரு தண்டுகளுக்கு இடைப்பட்ட அகலம் ஆகியவை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளக்கப்படுகின்றன. கொம்பு உலர்ந்து சுருங்கும் என்பதால் 60 நாட்கள் கழித்தே முறையான அளவு எடுக்கப்படும். இயல்பான வடிவக் கொம்புகளில், இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் உள்ள வேறுபாடு மொத்தத்திலிருந்து கழிக்கப்படுகிறது. மான் தாங்கிய கொம்பு ஒரு பக்கம் சற்று நீண்டிருந்தால், ஏட்டில் அது குறை. 375 புள்ளி பெற்றால் எக்காலத்திற்கும் உரிய சாதனை ஏட்டில் இடம் கிடைக்கும்.

1968-ஆம் ஆண்டு அரிசோனாவின் வெள்ளை மலைப் பகுதியில் வீழ்த்தப்பட்ட ஒரு மானின் கொம்பு 442 5/8 புள்ளி பெற்று உலகச் சாதனையாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வந்தது 1998-ஆம் ஆண்டில். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் அது எந்த ஏட்டிலும் இல்லாத வெறும் கொம்பாகவே இருந்தது. அறிவிப்புக்கு முன்னும் பின்னும் கொம்பில் ஒரு மயிரிழை மாற்றமும் இல்லை. மாறியது மனிதர்கள் அதைப் பார்த்த பார்வை.

கொம்பின் மீதுதான் ஆசை என்றால், அதைப் பெற மற்றொரு வழி இருக்கிறது. வசந்தத்தில் மான்கள் உதிர்த்த கொம்புகள் மலையெங்கும் கிடக்கின்றன. உரிய காலத்தில், அனுமதிக்கப்பட்ட இடங்களில், அவற்றைத் தேடி எடுத்துவரலாம். ஜாக்சன் புகலிடத்தில் உதிர்ந்த கொம்புகளைச் சாரணச் சிறுவர்கள் சேகரிக்க, மே மாதத்தில் அவை நகரத்தில் ஏலம் விடப்படுகின்றன. அவ்வருவாயின் பெரும்பகுதி மான்களின் புகலிடத்திற்கே திரும்பிச் செல்கிறது. அதே கொம்பு, அதே அழகு; ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் உதிர்ந்த கொம்பு சாதனையாக எண்ணப்படுவதில்லை. ஏன்? அதில் 'வென்றேன்' என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆக, சுவரில் தொங்குவது எலும்பு. அதில் ஒட்டியிருப்பது 'நான்' என்ற எண்ணம். இருபது ஆண்டு காத்திருப்பு அந்த 'நான்' என்பதற்காக என்றால், தவம் போல் தோன்றியது வேறு பொருள் பெற்றுவிடுகிறது.

மறுதரப்பின் நியாயம்

நடுநிலையோடு சிந்திப்பவர் மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கே செல்கிறது. நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் அது 11 விழுக்காடு. அனுமதிச் சீட்டின் கட்டணமும் அவ்வாறே. எல்க் இனம் மீண்டதில் வேட்டைக்காரர்களின் பங்கு பெரியது. ஓநாய்கள் அழிக்கப்பட்ட பகுதிகளில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகி, இளமரங்களைத் தின்று காட்டை மொட்டையாக்கியதும் உண்டு. மேலும், இனப்பெருக்கம் செய்து முடித்த முதிய ஆண்மான் ஒன்றின் இழப்பு மந்தையைப் பெரிதும் பாதிக்காது. பெரிய கொம்பைத் தேடுபவர் இளமான்கள் பலவற்றைக் கண்டும் வில்லை எடுக்காமல் விடுகிறார். கடையில் இறைச்சி வாங்கி உண்பவர் அதன் உயிர் போன விதத்தைக் காண்பதே இல்லை. வேட்டைக்காரர் கண்ணால் கண்டு, கையால் சுமக்கிறார்.

இவை வலுவான வாதங்கள். ஆனால் இவை வேட்டைக்கு நியாயம் சொல்கின்றன. சின்னத்திற்கு நியாயம் சொல்வதில்லை. வரியும் கட்டணமும் காட்டுக்குப் பயன்படுவது விளைவு. வேட்டைக்காரரின் உள்ளத்தில் இருந்த நோக்கம் வேறாக இருக்கலாம். நல்ல விளைவு தீய நோக்கத்தைத் தூய்மையாக்காது. நல்ல நோக்கமும் தீய விளைவுக்கு முழு விடை ஆகாது. இரண்டையும் தனித்தனியே எடைபோடுவதே நேர்மை.

இந்தியாவின் அனுபவமும் இதற்குச் சான்று. அரண்மனைச் சுவர்களை அலங்கரித்த புலித் தலைகளும் மான் கொம்புகளும் ஒரு காலத்தில் வீரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டன. அதே காலத்தில் காடுகள் வெறுமையடைந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அப்பழக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. எல்க் மானுக்கு உறவான காஷ்மீரத்து ஹங்குல் மான் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. இன்று டாச்சிகாம் வனப்பகுதியைச் சார்ந்து சில நூறு மட்டுமே வாழ்கின்றன. ஒரு நாடு வேட்டையை ஒழுங்குபடுத்திக் காத்தது. மற்றொரு நாடு வேட்டையை விலக்கிக் காக்க முயல்கிறது. வழிகள் வேறு. இரண்டிலும் காப்பது மனிதன் தன் ஆசைக்கு இடும் எல்லையே.

திட்டத்தில் தீர்மானமாகும் அறம்

வில்லின் நாண் விடுபடும் கணத்தில்தான் அறம் சோதிக்கப்படுகிறது என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, வரைபடத்தின் முன் அமர்ந்து திட்டமிடும்போதே பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. எவ்வளவு தொலைவுக்கு மேல் எய்வதில்லை. எந்தக் கருவியைக் கொண்டு செல்வதில்லை. எவ்வளவு ஆழத்திற்குச் சென்றால் இறைச்சியை வீணாக்காமல் கொண்டுவர முடியாது. காயப்பட்ட மானை எத்தனை நாள் ஆனாலும் தேடுவதா. வெறுங்கையோடு திரும்ப மனம் இசைகிறதா என்ற கேள்விகளுக்குக் குளிர்ந்த மனத்தோடு விடை கண்டவர், ஆசை கொதிக்கும் நேரத்தில் தடுமாறுவதில்லை. 'வெல்லாமல் திரும்புவதில்லை' என்று புறப்பட்டவரிடம் அந்நேரத்தில் எந்த விதியும் நிற்காது.

இது வேட்டைக்கு மட்டும் உரிய பாடமா? பதவி, பட்டம், செல்வம், புகழ் என்று மனிதர்கள் தேடும் சின்னங்கள் எத்தனையோ. அவற்றுக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர், புள்ளி சேர்க்கின்றனர், நிலம் அறிந்து, காற்றறிந்து நடக்கின்றனர். கல்லூரி இடத்திற்காகக் குழந்தையின் சிறுவயதையே செலவிடும் பெற்றோர் உண்டு. ஊருக்குப் பொதுவான பணி ஒன்றைத் தன் பெயருக்கு உரியதாக்கிக்கொள்ளும் தொண்டர் உண்டு. அவர்களும் மிகக் கடினமாக உழைத்தவர்களே. அந்த உழைப்புக்கு விலை கொடுத்தவர் யார், அவருடைய இசைவு கேட்கப்பட்டதா, கிடைத்தது யாரும் அறியாமல் போனாலும் அதே முயற்சி தொடருமா என்ற கேள்விகளை அவர்களும் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வது நலம்.

எல்க் மான் தன் கொம்பைத் தலையில் ஏந்தி, அதைக் கொண்டே போரிட்டு, துணையைப் பெற்று, குளிர்காலத்தைக் கடக்கிறது. காலம் வந்ததும் அந்தப் பாரம் தானே கழன்று புல்லில் விழுகிறது. மான் திரும்பிப் பார்க்காமல் மேய்ந்துகொண்டே நடக்கிறது. புல்லில் கிடக்கும் கொம்பை எலிகள் கரம்பித் தின்கின்றன. எஞ்சியது மண்ணோடு கலக்கிறது. மானே உரிமை கொண்டாடாத ஒன்றை மனிதன் ஆணி அடித்து மாட்டி, 'என்னுடையது' என்கிறான். வேட்டைக்குச் செல்பவரானாலும் செல்லாதவரானாலும், தம் வீட்டுச் சுவரில் எத்தனை ஆணிகள் இருக்கின்றன என்று ஒவ்வொருவரும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.